30 டிகிரிக்குக் கீழே: பனிமலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரை அடித்துச் செல்லும் பனி, அவர்கள் காலடியிலோ உடன் வந்தவரின் காலடியிலோதான் உடைகிறது. சும்மா போய்க்கொண்டிருந்தவர் தலையில் மலை தானாக இறங்கியது என்பது குறைவு. கேட்டதும் வயிறு கலங்கும். ஆனால் புதிதாக வருகிறவருக்கு இதைவிட உதவியான தகவல் இல்லை. எந்தச் சாய்வில் கால் வைப்பது, எதன் அடியில் நிற்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்கிறோம். அதைச் சரியாகச் செய்தால் ஆபத்தின் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும்.

பனியின் உள்ளே என்ன நடக்கிறது என்று கணிக்கப் பல குளிர்காலங்களின் பழக்கம் வேண்டும். அப்படிப் பழகியவர்களும் கணிப்பில் தவறியிருக்கிறார்கள். சாய்வின் கோணத்தை அளக்கவோ அரை மணி நேரப் பயிற்சி போதும். எனவே முதல் இரண்டு, மூன்று பருவங்களுக்கு எங்கள் பரிந்துரை ஒன்றே: 30 டிகிரிக்குக் குறைந்த சாய்வுகளில் மட்டும் போங்கள், தலைக்கு மேலேயும் அதைவிடச் செங்குத்தான பனி இல்லாத இடமாகப் பாருங்கள். கீழே வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது, இது தவறிப்போனால் என்ன செய்வது என்பதுதான். பராமரிக்கப்படும் பனிச்சறுக்குத் தளத்துக்கு வெளியே ஸ்கீயிலோ பனிக்காலணியிலோ வெறும் பூட்ஸிலோ போகிற எல்லோருக்கும் இது பொருந்தும். அங்கே யாரும் முன்கூட்டியே வெடி வைத்துப் பனியை இறக்கிவைப்பதில்லை, காவலுக்கும் ஆள் இல்லை.

பலகை எப்படி உடைகிறது

கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை பலகைச் சரிவுகள். ஒரு மேசையில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, மேலே கனமான பலகையை வைத்து, மேசையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பலகை முழுசாக, ஒரே வீச்சில் வழுக்கும். பனியிலும் அதேதான். மேலே ஒட்டிக்கொண்டு இறுகிய அடுக்கு, அதன் கீழே ஒட்டாமல் உதிரும் மெல்லிய அடுக்கு. நம் எடை மேலடுக்கு வழியாகக் கீழே இறங்கி உதிரி அடுக்கை ஓரிடத்தில் நசுக்குகிறது. நசுங்கல் கண்ணாடியில் விரிசல் ஓடுவது போலப் பக்கவாட்டில் ஓடுகிறது. ஒரு விநாடிக்குள் நமக்குப் பத்து, இருபது மீட்டர் மேலே கோடு விழுந்து, நாம் நிற்கும் பலகையே நகரத் தொடங்குகிறது. இதனால்தான் சரிவைக் கிளப்பியவர் பெரும்பாலும் அதன் நடுவில் இருக்கிறார்.

உதிரி அடுக்கு உருவாகும் விதம் இரண்டு, மூன்று உண்டு. பனி ஆழம் குறைவாக இருந்து வெளியே கடுங்குளிர் அடித்தால், அடியிலுள்ள தரைச் சூட்டுக்கும் மேற்பரப்புக் குளிருக்கும் இடையே வித்தியாசம் பெரிதாகிறது. 10 செ.மீ. உயரத்துக்கு 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையை இழந்து, முனை முனையாக வளர்கின்றன. கையில் அள்ளினால் கல்லுப்பு போலச் சரசரவென்று விரலிடுக்கில் வழியும், உருண்டை பிடிக்க வராது. இன்னொன்று மேற்பரப்பில் பூக்கும் உறைபனி. தெளிந்த வானம், காற்றில்லாத இரவு. விடிந்தால் பனி மேல் இறகு இறகாகப் படிகங்கள் மின்னும். பார்க்க அத்தனை அழகு. அடுத்த பனிப்பொழிவு அதை அப்படியே மூடிவிட்டால், அந்த இறகு அடுக்கு வாரக்கணக்கில் உள்ளே காத்திருக்கும்.

இந்த வகை அடுக்கைப் பற்றி ஒன்றை மனதில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளுங்கள். முன்னால் போனவர்களின் தடம் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. பலகை எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. தடித்த பகுதியில் பத்துப் பேர் போயும் எடை கீழே எட்டாமல் இருக்கலாம். பதினோராவது ஆள் பாறை ஓரத்தில் பலகை மெலிந்த இடத்தில் கால் வைப்பார், முழுச் சாய்வும் போய்விடும். சில நாட்களில் அடிவாரச் சமதரையில் நின்றுகொண்டே மேலுள்ள சாய்வை உடைக்கவும் முடியும். தலைக்கு மேலும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

பலகை அல்லாத வகைகளும் உண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி விசிறியாக விரியும் உதிரிப்பனி, வெயிலிலோ மழையிலோ ஊறி இறங்கும் ஈரப்பனி, முகட்டில் காற்று கட்டிவிட்ட பனிக்கூரை இடிந்து விழுவது. உதிரிப்பனி பெரும்பாலும் சிறியது. ஆனால் பாறை விளிம்புக்கு மேலே நிற்பவரைத் தள்ளிவிட அதுவே போதும்.

கோணம்: அளந்து பழகுங்கள்

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் தொடங்குகின்றன. 38 டிகிரி பக்கத்தில் மிக அதிகம். 30க்குக் கீழே தொடங்குவது அரிது. 50க்கு மேல் பனி பெரிதாகச் சேர்வதற்குள் உதிர்ந்துவிடும். ஸ்கீயில் இறங்க ஆனந்தமாக இருக்கும் சாய்வும் அதே 30 முதல் 40தான் என்பது இந்த விளையாட்டின் துரதிர்ஷ்டம்.

கண்ணை நம்பாதீர்கள். மேலிருந்து பார்த்தால் சாய்வு செங்குத்தாகவும், கீழிருந்து நேராகப் பார்த்தால் தட்டையாகவும் தோன்றும். மூன்று வழிகளில் அளக்கலாம்.

முதல் வழி வரைபடம். 1:25,000 அளவில், சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருந்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மி.மீ. என்பது 30 டிகிரி, 0.8 மி.மீ. என்பது 45 டிகிரி. 1:50,000 வரைபடத்தில் 40 மீட்டர் கோடுகள் என்றாலும் இதே அளவுகள்தான். ஐந்து கோடுகளைச் சேர்த்து அளந்து வகுத்தால் பிழை குறையும். சாய்வுக்கேற்ப நிறம் தீட்டிய வரைபடங்கள் இப்போது செயலிகளில் கிடைக்கின்றன, வீட்டில் திட்டமிட அருமையானவை. ஆனால் அந்த நிறம் சராசரி. பத்து மீட்டர் நீளத்தில் 35 டிகிரிக்கு மடங்கும் ஒரு சிறு மேடு நிறமே இல்லாமல் ஒளிந்திருக்கும், ஒரு ஆளைப் புதைக்க அந்த மேடு போதும்.

இரண்டாவது கோணமானி. திசைகாட்டியிலேயே சேர்ந்தது, தனிக் கருவி, கைபேசிச் செயலி எதுவானாலும் சரி. ஊன்றுகோலைப் பனிமேல் கீழ்நோக்கிப் படுக்கவைத்து, அதன்மேல் கருவியை வைத்துப் படியுங்கள். நேரடியாகப் பனியில் வைத்தால் சின்னக் குழியும் கணக்கைக் கெடுக்கும்.

மூன்றாவது வழிக்கு ஒரே நீளமுள்ள இரண்டு ஊன்றுகோல்கள் போதும். பாதுகாப்பான இடத்தில் நின்று, ஒரு கோலை முனை மேலேயும் பிடி கீழேயுமாகச் சாய்வின் போக்கில் படுக்கவைத்து அழுத்துங்கள். பனியில் தடம் விழும். முனையைத் தடத்தின் மேல்நுனியிலேயே ஊன்றியபடி பிடியை மட்டும் மெல்லத் தூக்குங்கள். இரண்டாவது கோலை அந்தப் பிடியோடு பிடி சேர்த்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தொங்கும் கோலின் முனை பனியைத் தொடும் வரை தூக்க வேண்டும். அது தடத்தின் கீழ்நுனியில் சரியாகத் தொட்டால் சாய்வு 30 டிகிரி. அதைத் தாண்டிக் கீழே தொட்டால் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சுமார் 3 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். தடத்துக்குள்ளேயே தொட்டால் அதேபோலக் கழியுங்கள். நாளுக்குப் பத்து இடத்தில், முதலில் கண்ணால் ஊகித்து, பிறகு இப்படி அளந்து பாருங்கள். ஒரே வாரத்தில் ஊகம் கூர்மையாகிவிடும்.

அடுத்து, பனி எதுவரை ஓடி வரும் என்ற கேள்வி. நிற்கும் இடத்திலிருந்து மேலேயுள்ள செங்குத்துப் பனியின் உச்சியைக் கோணமானியால் நோக்குங்கள். 25 டிகிரிக்கு மேல் காட்டினால் நீங்கள் ஓட்டப்பாதைக்குள் நிற்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மிகப் பெரிய சரிவுகள் 20 டிகிரிக்கும் கீழே எட்டியிருக்கின்றன. மரங்களும் சாட்சி சொல்லும். காட்டின் நடுவே மரமே இல்லாத நீளமான பட்டை, மேற்பக்கக் கிளைகள் முறிந்து கீழ்ப்பக்கம் மட்டும் கிளைத்த மரங்கள், ஒரே உயரத்தில் வளைந்த இளங்கன்றுகள்: பனி வழக்கமாக வந்துபோகும் தெரு அது.

கோணம் சரியாக இருந்தாலும் சில இடங்கள் பொறிகள். குறுகிய ஓடைப்பள்ளத்தில் சிறு சரிவுகூட இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்துக்குக் குவியும். பாறை விளிம்பு, அடர்ந்த மரம், பனிப்பிளவு, சாலை வெட்டிய மேடு எல்லாம் இதில் சேரும். இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு மூச்சுத்திணறலால் இல்லாமல் மோதிக் காயப்பட்டே இறக்கிறார்கள். இங்கே மீட்புக் கருவி எதுவும் கைகொடுக்காது.

முந்தின நாள் மாலை

பனிச்சரிவு அறிக்கை வெளிவரும் பகுதிகளில் அதைப் படிக்காமல் கிளம்பாதீர்கள். ஐரோப்பாவில் 1993இல் பொதுவாக ஏற்கப்பட்ட ஐந்து படி அளவுகோல்தான் சிறு மாற்றங்களோடு பல நாடுகளில் இருக்கிறது: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். இந்த எண்களைத் தேர்வு மதிப்பெண் போலப் படிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 3 நடுவில் இருப்பதால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஒவ்வொரு படியிலும் ஆபத்து மடங்குகளாக ஏறுகிறது. 3 என்றால் செங்குத்துச் சாய்வில் ஒரு ஆளின் எடையே பலகையை உடைக்கப் போதுமானது என்று பொருள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு நிகழ்வதும் 3ஆம் படியில்தான். 4, 5 நாட்களில் மலை பயமுறுத்துகிறது, ஆட்கள் போவதில்லை. 3இல் வானம் நீலமாக, புதுப்பனி பளபளவென்று அழைக்கும்.

எண்ணைவிட முக்கியமானது அதன் கீழே எழுதியிருப்பது. எந்தத் திசை நோக்கிய சாய்வு, எந்த உயரத்துக்கு மேல், என்ன வகைச் சிக்கல்? புதுப்பனியா, காற்று அள்ளிக் கொட்டிய பலகையா, உள்ளே மறைந்த பழைய அடுக்கா, ஈரப்பனியா? புதுப்பனிச் சிக்கல் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் தணியும். பழைய அடுக்குச் சிக்கலுக்கு அந்தக் கெடு கிடையாது, வெளியே அடையாளமும் காட்டாது. அந்தச் சொல்லைப் பார்த்தால் செங்குத்துச் சாய்வு வேண்டாம் என்று அங்கேயே முடிவெடுத்துவிடுங்கள்.

புதியவர் பின்பற்ற ஒரு எளிய கணக்கு: 1, 2 என்றால் முன்பு சொன்னபடி 30 டிகிரிக்குக் கீழே, தலைக்கு மேலும் பார்த்து, பயிற்சி பெற்ற துணையோடு. 3 என்றால் அதே விதி, இன்னும் கண்டிப்பாக: மேலே செங்குத்தான பனி எதுவும் தொங்காத பாதை மட்டும். 4, 5 என்றால் மலையடிவாரக் காட்டுப்பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறிக்கையே இல்லாத மலையில் 3 என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

பாதையைத் தாளில் எழுதுங்கள்: எங்கெங்கே முடிவெடுக்க வேண்டும், எதைக் கண்டால் திரும்ப வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், மாற்றுப் பாதை எது. இதன் ஒரு நகல் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதோடு.

மூன்று கருவிகள், ஆளுக்கு ஒரு தொகுதி

பீக்கன் (அலையை ஒலிபரப்பவும், புதைந்தவரின் அலையைத் தேடவும் செய்யும் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி). மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரு ஷவல் என்பது, அதைச் சுமந்தவரே புதைந்தால் பூஜ்யம்.

பீக்கன் எல்லா நிறுவனத்துடையதும் 457 கிலோஹெர்ட்ஸிலேயே ஒலிபரப்புகிறது, ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும். மூன்று ஆண்டெனா உள்ள டிஜிட்டல் கருவி வாங்குங்கள். ஒற்றை ஆண்டெனாப் பழையது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பேட்டரி கையேட்டில் சொன்ன வகைதான். பெரும்பாலான கருவிகளுக்கு ஆல்கலைன். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மீதி அளவு தவறாகக் காட்டி, திடீரென்று நின்றுவிடும். பாதிக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். மேல்சட்டைக்கு உள்ளே, உடலோடு பட்டையில் கட்டுங்கள். கைபேசி, காந்தப் பொத்தான், சூடேற்றும் கையுறை எல்லாம் ஒலிபரப்பும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

புரோப் கம்பி குறைந்தது 240 செ.மீ., 280க்கு மேல் இருந்தால் நல்லது. ஷவல் அலுமினியத்தில், பிடி நீளக்கூடியதாக. பிளாஸ்டிக் தகடு இறுகிய சரிவுப்பனியில் வளையும், உடையும். இரண்டையும் பைக்குள்ளே வையுங்கள். வெளியே கட்டியதைச் சரிவு பிய்த்துக்கொண்டு போய்விடும்.

காற்றுப்பை உள்ள முதுகுப்பை, விரிந்த நேரத்தில் ஆளைப் பனியின் மேற்பரப்பை நோக்கி உயர்த்துவதால் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் அந்தப் பை இருக்கிறதே என்று ஒரு சாய்வு அதிகம் ஏறினால் கிடைத்த லாபம் போய்விடும். உடையில் தைத்த பிரதிபலிப்புத் தகடு மீட்புப்படை தேட உதவுவது. அவர்கள் வந்து சேரும் நேரத்துக்கு நம்மால் காத்திருக்க முடியாது.

முழுக்கப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே இருக்கப்போகிறவர்கள் உடன் வந்தவர்கள் மட்டுமே.

புறப்படும் இடத்தில் ஐந்து நிமிடம்

எல்லோரும் பீக்கனைப் போடுங்கள், பேட்டரி அளவை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஒருவர் தவிர மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றி, அந்த ஒருவரின் அலை கிடைக்கிறதா பாருங்கள். அடுத்து அனைவரும் ஒலிபரப்பு நிலைக்குத் திரும்பி, சில மீட்டர் இடைவெளியில் ஒவ்வொருவராகத் தேடும் நிலையிலுள்ள ஒருவரைக் கடந்து போங்கள். கடைசியில் அவரும் ஒலிபரப்புக்கு மாற்றியதை மற்றொருவர் திரையைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தேடும் நிலையிலேயே மறந்துவிட்ட பீக்கன் புதைந்தால், அதை எதனாலும் கண்டுபிடிக்க முடியாது.

நடக்கும்போது

ஐந்து அறிகுறிகள் கண்டால் பாதையை மாற்றுங்கள், விவாதம் வேண்டாம். ஒன்று, அதே திசை நோக்கிய வேறு சாய்வில் புதிதாக விழுந்த சரிவு. இதைவிட நேரடியான எச்சரிக்கை கிடையாது. இரண்டு, காலடியில் "தொம்" என்று அடங்கிய ஓசை. கூடவே பனி ஒரு விரற்கடை தாழ்ந்தது போலிருக்கும், சில மீட்டர் தள்ளியுள்ள செடியும் அசையும். உள்ளே உதிரி அடுக்கு நசுங்கிய ஓசை அது. சமதரையில் கேட்டதால் நீங்கள் நிற்கிறீர்கள், சாய்வில் கேட்டிருந்தால் போயிருப்பீர்கள். மூன்று, காலிலிருந்து பாய்ந்து ஓடும் விரிசல்கள். நான்கு, கடந்த 24 மணி நேரத்தில் 30 செ.மீ. அளவில் புதுப்பனியோ, பனிமேல் மழையோ, பலத்த காற்றோ. ஐந்து, சட்டென்று ஏறும் வெப்பம்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம். வானம் தெளிவாக இருந்தும் காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி முகட்டின் மறுபக்கம் கொட்டும், வானிலிருந்து பொழிவதைவிடப் பல மடங்கு வேகத்தில். முகட்டிலிருந்து புகை போலப் பனித்தூள் பறந்தால், காற்று போகும் பக்கத்துச் சாய்வில் அந்நேரமே பலகை தயாராகிறது. தட்டையாக, மழமழவென்று மெத்தை போல உப்பியிருக்கும் பகுதி, தட்டினால் மத்தளம் போல வெற்றோசை கொடுப்பது, ஊன்றுகோல் முதலில் எதிர்த்துப் பிறகு பொத்தென்று இறங்குவது எல்லாம் அதன் குறிகள்.

வெயிற்காலத் தொடக்கத்தில் கணக்கு கடிகாரத்தோடு. இரவு இறுகிய பனி காலையில் உறுதியாக இருக்கும். சாய்வில் பனி உருண்டைகள் தாமாக உருளத் தொடங்கினாலோ, பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ வெயில் படும் சாய்வை விட்டு இறங்கிவிட வேண்டும்.

ஏறும் பாதைக்கு முகடுகளும் அடர்ந்த காடும் அகலமான பள்ளத்தாக்கின் நடுவும் நல்லவை. முகட்டில் விளிம்பை ஒட்டி நடக்காதீர்கள். பனிக்கூரை எதிர்பார்ப்பதைவிட உள்ளே தள்ளி உடையும். சந்தேகமுள்ள இடத்தை ஒவ்வொருவராகக் கடங்கள், மற்றவர்கள் ஓட்டப்பாதைக்கு வெளியே நின்று அவரையே பார்க்க வேண்டும். ஊன்றுகோல் வாரைக் கையிலிருந்து கழற்றிவிடுங்கள், மாட்டிய கோல் நங்கூரம் போலக் கீழே இழுக்கும்.

பனியில் குழி தோண்டிச் சோதிப்பதைப் பற்றிப் புதியவர்கள் நிறையக் கேட்கிறார்கள். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. தூண் வெட்டி, மேலே ஷவலை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டும் சோதனை பிரபலம். கற்றுக்கொள்ளுங்கள், அடுக்குகளைக் கண்ணால் பார்ப்பது நல்ல கல்வி. ஆனால் சாய்வு கெட்டது என்று மட்டுமே அது சொல்லும். நல்லது என்று அது சொல்வதை ஏற்காதீர்கள். பத்து மீட்டர் தள்ளி வேறு விடை வரும்.

மனம் செய்யும் வேலை

அயன் மெக்கமன் என்பவர் அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார். சிக்கியவர்களில் பலர் விவரம் தெரிந்தவர்கள், அறிகுறிகளும் வெளிப்படையாக இருந்தன. ஏற்கெனவே பலமுறை வந்த மலை என்ற பழக்கம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற பிடிவாதம், இவருக்குத் தெரியும் என்று ஒருவர்மேல் பொறுப்பைப் போடுவது, வேறொரு குழு முன்னால் போவதைப் பார்த்துத் துணிவது. இவற்றை முறிக்கும் வழி எளிது: ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்புவது என்று புறப்படும் முன்பே பேசிவையுங்கள். முடிவெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் அனுபவம் குறைந்தவரை முதலில் பேசச் சொல்லுங்கள். மூத்தவர் பேசிய பிறகு இளையவர் வாய் திறப்பது கடினம்.

சிக்கினால்

கத்துங்கள், காற்றுப்பை இருந்தால் உடனே இழுங்கள். பலகை முழுசாக நகரத் தொடங்கும் முதல் ஓரிரு விநாடியில் பக்கவாட்டில் வெளியேற முடிந்தால் வெளியேறுங்கள். கோலை விட்டுவிடுங்கள். மேற்பரப்பில் இருக்கப் போராடுங்கள். வேகம் குறையும் போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள், மறு கையை மேலே நீட்டுங்கள். நின்ற மறுகணம் பனி சிமென்ட் போல இறுகிவிடும், அதற்குப் பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது.

வெளியே நிற்பவர்கள் செய்ய வேண்டியது:

1. அவர் கடைசியாகத் தெரிந்த இடத்தை விடாமல் பார்த்து மனதில் குறியுங்கள். மேலே இன்னொரு சரிவு தொங்குகிறதா என்று பாருங்கள். ஆட்களை எண்ணுங்கள். ஒருவரே தேடுகிறவராக இருந்தால், ஒரு நிமிடத்துக்குள் அழைப்பு போகுமானால் அழையுங்கள், இல்லையேல் தேடத் தொடங்குங்கள்.

2. தேடாதவர்களும் தங்கள் பீக்கன் ஒலிபரப்பை நிறுத்த வேண்டும். ஒரே ஒரு பீக்கன் மறந்து ஒலிபரப்பினால் தேடல் அந்த ஆளிடமே வந்து நிற்கும்.

3. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி, கையேட்டில் சொன்ன பட்டை அகலத்தில் (பொதுவாக 40 முதல் 50 மீட்டர்) போங்கள். கண்ணும் வேலை செய்யட்டும். வெளியே தெரியும் கையுறையை இழுத்துப் பாருங்கள், கை அதில் இருக்கலாம்.

4. அலை கிடைத்ததும் அம்புக்குறியைத் தொடருங்கள். பாதை நேராகப் போகாமல் வளையும், காந்தப்புலம் அப்படித்தான். திரையிலுள்ள எண் ஏறத்தாழ மீட்டரில் தொலைவைக் காட்டும்; அது கூடிக்கொண்டே போனால் நேரெதிர்த் திசையில் திரும்புங்கள். 10க்குக் கீழே வந்ததும் நடையைக் குறையுங்கள். 3 என்றதும் மண்டியிட்டுப் பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடியுங்கள்.

5. இங்கேதான் அவசரம் கெடுக்கும். பீக்கனைத் திருப்பாமல், ஒரே நிலையில் பிடித்து, ஒரு கோட்டில் மெல்ல நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து குறுக்குக் கோட்டில் இரு பக்கமும் நகர்த்துங்கள். கிடைத்த மிகச் சிறிய எண்ணின் இடத்தில் அடையாளம் வையுங்கள்.

6. புரோப் கம்பியைச் சாய்வின் பரப்புக்குச் செங்குத்தாக இறக்குங்கள், நேர்கீழாக அல்ல. கிடைக்காவிட்டால் 25 செ.மீ. இடைவெளியில் சுருள் வட்டமாக விரிந்து போங்கள். தரையில் பட்டால் கம்பி டக்கென்று நிற்கும். உடல் கொஞ்சம் மெத்தென்று அமுங்கி எதிர்க்கும். தொட்டதும் கம்பியை எடுக்காதீர்கள், அதுதான் இனி வழிகாட்டி. அதிலுள்ள ஆழத்தைப் படியுங்கள்.

7. கம்பிக்கு நேர்மேலே தோண்டாதீர்கள். ஆழம் 1 மீட்டர் என்றால் கம்பியிலிருந்து சாய்வில் 1.5 மீட்டர் கீழே தள்ளிப் போய், அங்கிருந்து சாய்வுக்குள் கிடைமட்டமாக வெட்டிக்கொண்டு போங்கள். மேலே நின்று தோண்டினால் அவருக்கிருக்கும் கொஞ்சக் காற்றறையை நம் எடையே நசுக்கிவிடும், குழியும் குறுகி அவரை இழுக்க வழியிருக்காது. மூன்று, நான்கு பேர் இருந்தால் கம்பியை முனையாக வைத்துக் கூம்பு வடிவில் பின்னால் பின்னால் நில்லுங்கள். முன்னால் இருப்பவர் கட்டி கட்டியாக வெட்டுவார், பின்னால் இருப்பவர்கள் துடுப்பு போடுவது போலத் தள்ளிக் கீழே அனுப்புவார்கள். பனியைத் தூக்கி வீசாதீர்கள், ஒரு கன மீட்டர் சரிவுப்பனி அரை டன் வரை இருக்கும். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவரை மாற்றுங்கள், அவர் களைக்கும் முன்பே.

முகம் தெரிந்ததும் முதலில் வாயையும் மூக்கையும் துடைத்துத் திறங்கள், பிறகு மார்பை விடுவியுங்கள். முழு உடலும் வெளியே வரும் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு இல்லையென்றால் மூச்சுக் கொடுப்பதில் தொடங்குங்கள். இதயம் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றின்மைதான், மார்பை மட்டும் அழுத்தினால் போதாது. மூச்சு இருந்தால் படுத்த நிலையிலேயே, உலுக்காமல், கீழே பை, மேலே போர்வை என்று குளிரிலிருந்து மறையுங்கள். நீண்ட நேரம் புதைந்து உடல் குளிர்ந்து போனவரை இறந்துவிட்டார் என்று நீங்கள் முடிவுசெய்யாதீர்கள். அது மருத்துவமனையில், உடல் சூடேறிய பிறகு சொல்ல வேண்டியது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது

இவையெல்லாம் படித்து வருவதில்லை. பயிற்சி வகுப்பில் சேருங்கள், பிறகு பருவத்தில் சில முறையாவது நண்பர்களோடு ஒரு பைக்குள் பீக்கனை வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, 50 மீட்டர் சதுரத்தில் தேடித் தோண்டுங்கள். கடிகாரத்தை ஓடவிடுங்கள். பீக்கன் தேடலில் போவதைவிட ஷவலில் போகும் நேரம் எவ்வளவு அதிகம் என்பது முதல் முறையிலேயே தெரிந்துவிடும். புரோப் கம்பியைக் கையுறையோடு பூட்டிப் பழகுங்கள்.

பருவம் முடிந்ததும் பீக்கனிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கோடையில் உள்ளேயே கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும். கம்பியின் இழைக்கயிறு நைந்திருக்கிறதா, ஷவல் பிடியின் பூட்டு இறுகுகிறதா பார்த்து, எல்லாவற்றையும் காயவைத்து எடுத்துவையுங்கள். அடுத்த பருவத்தின் முதல் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே புதுப் பேட்டரி போட்டு, கருவிக்குப் புதிய மென்பொருள் வந்திருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்.